மீனுக்கு முன்பாக நீர்



ஆயர் இல்லத்திற்கு வருகிற உங்களில் பலர், முன்னறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிகளின் அருகே சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறீர்கள். தட்டுப்போல் வட்டமாகவும் தட்டையாகவும், நீலக் கோடுகளோடு அமைதியாக நீந்தும் அந்த மீன்களைப் பற்றிச் சிறுவர்கள் முதல் மூத்தோர் வரை கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளாக அவற்றை வளர்த்து வருகிறேன். இவ்வாரச் சிந்தனையில் அந்த மீன்களைப் பற்றி, சரியாகச் சொன்னால் அவை வாழும் நீரைப் பற்றி எழுத விரும்புகிறேன். இதில் வரும் இளைஞனைப் பற்றிய செய்தியை அவனுடைய இசைவோடும் அவன் தந்தையின் இசைவோடும் எழுதுகிறேன்.

இந்த மீனுக்கு டிஸ்கஸ் என்று பெயர். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையே இதன் தாயகம். 1840-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் யோகான் யாக்கோப் ஹெக்கல் இதனை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தார். அமேசானின் கிளையாறுகளில் ஒன்றான ரியோ நீக்ரோவின் பெயருக்கே கறுப்பு ஆறு என்று பொருள். காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறி ஊறி அதன் நீர் பால் கலவாத தேநீரின் நிறத்தில் ஓடுகிறது. பார்வைக்குக் கலங்கியதுபோல் தோன்றினாலும், அதில் கரைந்திருக்கும் உப்புகள் மிகமிகக் குறைவு. அது மழைநீரைப் போன்ற மென்னீர். அமிலத்தன்மை உடையது. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது.

அந்த நீரில் உருவான மீனை ஆரப்பாளையத்திற்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இங்கே நமக்கு மூன்று வகை நீர் உண்டு. முதலாவது ஆழ்துளைக் கிணற்று நீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவையும் தலைமுடியில் பிசுபிசுப்பையும் விட்டுச் செல்லும் அந்த நீரை நீங்கள் நன்கு அறிவீர்கள். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். கருவியை அதில் வைத்தால், எங்கள் வீட்டில் அது 1,200-ஐக் காட்டுகிறது. இரண்டாவது மாநகராட்சிக் குழாய் நீர். அதே கருவி அதில் 240-ஐக் காட்டியது. இந்த நீருக்குப் பின்னால் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. 1895-இல் முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்டபோது, மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த மலைநீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. 1959 முதல் வைகை அணை அதைத் தேக்கி வைக்கிறது. நம் குழாயில் வரும் நீரின் மென்மை அந்த மலைகளின் கொடை. மூன்றாவது, ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீர். அதன் அளவு 30.

அப்படியானால் ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றிவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. உப்பு முழுவதும் நீங்கிய நீருக்குத் தன்னைத் தாங்கிக்கொள்ளும் வலிமை இல்லை. மீனின் கழிவால் அதில் சிறிது அமிலம் சேர்ந்தவுடன், அதன் பி.எச். அளவு ஓரிரவில் சரிந்துவிடக்கூடும். காலையில் பார்த்தால் மீன்கள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஆகவே கலக்க வேண்டும். நான்கு குடத்தில் மூன்று குடம் ஆர்.ஓ. நீர், ஒரு குடம் குழாய் நீர் என்று கலந்தால் உப்பின் அளவு ஏறத்தாழ 80-க்கு வருகிறது. குழாய் நீரில் கிருமி நீக்குவதற்காகச் சேர்த்த குளோரின், மீனின் செவுள்களை எரிக்கும். எனவே அதை ஒரு நாள் முழுவதும் காற்றூட்டி வைக்க வேண்டும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் படிகங்களைச் சிறிதளவு கரைத்து அதை முறிக்க வேண்டும். வெப்பம் 28 முதல் 30 டிகிரி வரை நிலைத்திருக்க வேண்டும். நம் ஊரின் சித்திரை வெயிலில் தொட்டி தானாகவே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. நீர் சூடேறும்போது அதில் உயிர்க்காற்று குறைந்துபோவதால், அந்நாட்களில் காற்றுக்குழாயை நிறுத்தவே கூடாது. மார்கழி இரவுகளிலோ சூடேற்றும் கருவி தேவைப்படுகிறது.

ரியோ நீக்ரோவின் இலைச் சாறுக்கு நம் வளாகத்திலேயே ஒரு பதில் கிடைத்தது. ஆலயத்தின் பின்புறம் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவந்து உதிரும் அதன் இலைகளைக் கழுவி உலர்த்தி நீரில் இட்டால், ஓரிரு நாட்களில் நீர் இளம் தேநீர் நிறம் கொள்கிறது. இலையின் துவர்ப்பு நீரை மெல்ல அமிலப் பக்கம் சாய்க்கிறது. மீன்களின் அச்சமும் தணிகிறது. ஞாயிறுதோறும் பெருக்கி எரித்துக்கொண்டிருந்த சருகு அது. யாத்திராகமம் 15-ஆம் அதிகாரத்தில், மாராவின் கசந்த தண்ணீரில் மோசே ஒரு மரத்தைப் போட்டதும் அது குடிநீரானதை வாசிக்கிறோம். அந்த அற்புதத்தை என் தொட்டியோடு ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. ஆனால் அங்கே நான் கவனிப்பது வேறொன்று. மூன்று நாள் தண்ணீரின்றி நடந்து வந்த மக்கள் முறுமுறுத்தார்கள். ஆண்டவர் முதலாவது கை வைத்தது அவர்களுடைய நாவின்மேல் அல்ல, அவர்களுக்கு எதிரே இருந்த நீரின்மேல்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரியமும் நீரில் நடக்கிறது. மீனின் செவுள்களிலிருந்தும், உண்ணாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நிறமற்றது, தெளிந்த நீரிலும் மறைந்திருந்து கொல்லும். அதை உண்டு நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் சில. நைட்ரைட்டும் நஞ்சுதான், அதை உண்டு, அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் வேறு சில. வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் இவ்விரு கூட்டமும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கின்றன. அதுவரை அந்தத் தொட்டியில் விலையுயர்ந்த மீனை விடலாகாது. புதிதாக மீன் வளர்ப்போர் வெற்று நீரை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமையின்றி இங்கேதான் இடறுகிறார்கள். எதுவுமே நடக்காததுபோல் தோன்றும் அந்த வாரங்களில்தான், பின்வரும் எல்லாவற்றுக்குமான அடித்தளம் இடப்படுகிறது. ஒருவருக்காக மாதக்கணக்கில் ஜெபித்தும் ஒன்றும் காணவில்லையே என்று என்னிடம் சொல்லுகிறவர்களிடம் இந்த வெற்றுத் தொட்டியைத்தான் இப்போதெல்லாம் காட்டுகிறேன்.

சென்ற ஆண்டு நம் சபையின் தந்தை ஒருவர் மனம் நொந்து என்னிடம் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் தவறிய தம் மகன் வீட்டில் எவரோடும் பேசுவதில்லை என்றும், அறைக் கதவு திறப்பதேயில்லை என்றும் சொன்னார். “நீங்க கூப்பிட்டு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க ஐயா” என்றார். புத்தி சொல்லுகிறவர்கள் அவனுக்குக் குறைவாயிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனவே சனிக்கிழமைகளில் தொட்டிக்கு நீர் மாற்ற எனக்கு ஓர் ஆள் வேண்டும், தம்பியை அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

அவன் வந்தான். முதல் நான்கு வாரங்கள் குடம் சுமந்தான்; ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் வாரம் டி.டி.எஸ். கருவியை எடுத்து, தானாகவே ஒவ்வொரு தொட்டியையும் அளந்து ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்கினான்.

அந்நாட்களில் ஒரு சோடி மீன் முட்டையிடத் தொடங்கியிருந்தது. டிஸ்கஸ் மீன்கள் முட்டையிடும் முன் நிமிர்ந்த ஒரு பரப்பைத் தேர்ந்து, அதை வாயினால் துடைத்துச் சுத்தம் செய்கின்றன. நாங்கள் கவிழ்த்து வைத்திருந்த மண்கூம்பின்மேல் பெண்மீன் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண்மீன் பின்தொடர்ந்து சென்றது. பின்னர் இரண்டும் மாறிமாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. ஆயினும் இரண்டாம் நாள் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன. இப்படி மூன்று முறை நடந்தது. மீன்களோ நல்ல நிறத்தோடும் பசியோடும் இருந்தன. குறை காண இடமில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் நோட்டை நீட்டினான். “ஐயா, இந்தத் தொட்டில 310 இருக்கு. பெரிய மீனுக்கு இது போதும். முட்டைக்கு இது கூடுதல்” என்றான். வீட்டில் எவரோ கேட்க ஏங்கியிருந்த அந்தக் குரலை நான் அன்று முதன்முறையாக இவ்வளவு நீளமாகக் கேட்டேன். அவன் படித்துத் தெரிந்துகொண்டது சரியே. நீரில் சுண்ண உப்பு மிகும்போது முட்டை கருத்தரிப்பதும் பொரிப்பதும் கடினமாகின்றன என்பது டிஸ்கஸ் வளர்ப்போர் பரவலாக அறிந்த ஒன்று.

பிரியமானவர்களே, அந்த ஒரு வாக்கியத்தை நான் பலநாள் சுமந்து திரிந்தேன். வளர்ந்தவர்கள் தாங்கிக்கொள்ளும் நீர் முட்டைக்குப் போதாது. கணவனும் மனைவியும் உரத்துப் பேசிவிட்டு மறுநாள் ஒன்றாக அமர்ந்து உண்ணலாம். அவர்கள் அதற்குப் பழகியவர்கள். அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒப்பிட்டு விளையாட்டாய் ஒரு வார்த்தை சொல்லலாம், சொன்னவர் மறந்துவிடுவார். எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நாம் நினைக்கிற அதே வீட்டில், இன்னும் ஓடு கடினப்படாத ஒன்று மெல்ல வெளுத்துக்கொண்டிருக்கலாம்.

310-ஐ எப்படிக் குறைப்பது? எல்லா நீரையும் இறைத்துவிட்டுப் புதுநீர் ஊற்றினால் மீன் தாங்காது. தீய நீரிலிருந்து நல்ல நீருக்கு மாறுவதும் திடீரென்று நேர்ந்தால் அது மீனுக்கு அதிர்ச்சியே. அந்தத் தொட்டி நூறு லிட்டர் கொள்ளளவு உடையது. நாள்தோறும் இருபது லிட்டர் இறைத்து, இருபது லிட்டர் ஆர்.ஓ. நீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விட்டோம். சனிக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தவன் அந்த வாரம் தினமும் வந்தான். அவனுடைய நோட்டில் அந்த எண்கள் இன்றும் இருக்கின்றன: 254, 209, 173, 145, 122, 103, 89. ஏழு நாட்கள். மீன்கள் எதையும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. நோன்புக்காலத்தின் முதல் நாளில் வீட்டையே மாற்றிவிடத் துணிந்து மூன்றாம் நாளில் களைத்துப்போகிறவர்களுக்கு, நாளொன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு.

நான்காவது முறை இட்ட முட்டைகளில் இரண்டாம் நாள் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மூன்றாம் நாள் அவை பொரிந்து, கூம்பிலேயே ஒட்டியபடி வால் துடித்தன. கீழே விழுந்தவற்றைப் பெற்றோர் வாயில் கவ்வி மீண்டும் ஒட்டவைத்தன. ஆறாம் நாள் காலையில், ஏறக்குறைய அறுபது குஞ்சுகள் கூம்பைவிட்டுப் பிரிந்து நீந்தி, நேரே பெற்றோரின் உடலில் போய் ஒட்டிக்கொண்டன.

டிஸ்கஸ் மீனின் தனிச்சிறப்பு இதுதான். முட்டையிட்ட பின் தாய், தந்தை இரண்டின் தோலிலும் ஊட்டம் நிறைந்த சளிப்படலம் சுரக்கிறது. குஞ்சுகளின் முதல் உணவு அதுவே. 1959-இல் ஹில்டெமன் என்னும் அறிஞர் இந்தப் பேணலை விரிவாக எழுதினார். 2010-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தச் சளியில் புரதம் கூடுவதையும், நோயெதிர்ப்புப் பொருள்கள் இருப்பதையும் கண்டு, பாலூட்டிகள் தம் குட்டிகளைப் பேணுவதோடு இதனை ஒப்பிட்டார்கள். நம் தென்னிந்திய உப்பங்கழிகளில் வாழும், கேரளத்தார் பள்ளத்தி என்றழைக்கும் சிறுமீனின் குஞ்சுகளும் பெற்றோரின் தோலைக் கொறிப்பதுண்டு. ஆனால் டிஸ்கஸ் குஞ்சுகளுக்கோ தொடக்க நாட்களில் அதையன்றி வேறு ஆகாரமில்லை எனலாம். ஒரு பெற்றோர் களைக்கும்போது உடலைச் சட்டென்று சிலிர்த்துக்கொண்டு விலக, குஞ்சுகள் அனைத்தும் மற்றதன்மேல் சென்று மேய்கின்றன.

மகனை அழைத்துச் செல்ல வந்த அந்தத் தந்தை அன்று மாலை தொட்டியின் முன் அமர்ந்துவிட்டார். மீனின் விலாவில் சிறுசிறு தழும்புகள் தெரிந்தன. வெகுநேரம் பார்த்திருந்து, “இதுக்கு வலிக்காதா ஐயா?” என்று கேட்டார். எனக்கு முன்பாக அவர் மகன் பதில் சொன்னான்: “வலிச்சா அடுத்தது வாங்கிக்கும் அப்பா. அதான் ரெண்டும் மாறி மாறி நிக்குது.” பல மாதங்களுக்குப் பின் தந்தையும் மகனும் பேசிக்கொண்டது ஒரு மீனின் தோலைப் பற்றி. நான் எழுந்து தேநீர் வைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதும்போது, தம்மைப் பிள்ளைகளைப் போஷிக்கும் தாய்க்கு ஒப்பிட்டு, சுவிசேஷத்தோடு தம் உயிரையே பகிர விரும்பியதாகக் கூறுகிறார். அரசரடி இறையியல் கல்லூரியில் பயின்ற நாட்களில் அந்தப் பகுதியைக் கிரேக்க மூலத்தில் வாசித்திருக்கிறேன். அதன் பொருளை என் கண்முன் கண்டது இந்தத் தொட்டியில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் முதல், பெற்றோர் குஞ்சுகளைவிட்டுச் சற்றுநேரம் விலகி நீந்தத் தொடங்குகின்றன. குஞ்சுகள் துரத்துகின்றன, அவை மேலும் விலகுகின்றன. அதற்குள் ஆர்ட்டிமியா என்னும் சிற்றிறால் குஞ்சுகளை உண்ண அவை பழகியிருக்கும். நான்காம் வாரத்தில் விலகல் நீள்கிறது. தோலைத் தந்த அதே அன்புதான் இப்போது தூரத்தையும் தருகிறது. இவ்வாண்டு என் மகள் செவிலியர் படிப்பிற்காக வேலூருக்குச் சென்றாள். பேருந்து நகர்ந்த பின் என் மனைவி நெடுநேரம் பேசவில்லை. வீட்டிற்கு வந்ததும் எங்கள் இருவருக்கும் இந்த மூன்றாம் வாரத்தை நினைத்துக்கொள்வது ஆறுதலாயிருந்தது.

ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டு இதை முடிக்க மனம் ஒப்பவில்லை. கோடைக்காலத்தில் லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு நம் சகோதரிகள் காத்து நிற்கும் தெருவில், மீனுக்கு நாளொன்றுக்கு இருபது லிட்டர் நீர் நியாயமா? சபை மூப்பர் ஒருவர் இதை என்னிடம் நேரடியாகவே கேட்டார். கேட்டதற்காக அவருக்கு நன்றியுடையவனாயிருக்கிறேன். என் ஆர்.ஓ. கருவி ஒரு குடம் நல்ல நீருக்கு ஏறக்குறைய இரண்டு குடம் உப்பு நீரைக் கழிக்கிறது. அந்நீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் செல்கிறது. தொட்டியிலிருந்து இறைக்கும் நீரில் நைட்ரேட் என்னும் உரம் நிறைந்திருப்பதால், வளாகத்து வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் அதையே பாய்ச்சுகிறோம்; செடிகளுக்கென்று தனியாகக் குழாய் திறப்பதில்லை. ஆயினும் சித்திரை, வைகாசி மாதங்களில் இனப்பெருக்கத்தை நிறுத்திவிடுவது என்றும், வளர்ந்த மீன்களுக்குத் தேவையான அளவு மட்டும் நீர் மாற்றுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். அவ்விரு மாதங்களும் ஆயர் இல்லத்தின் ஆர்.ஓ. குழாய் வாசலில், தெருவாருக்குத் திறந்திருக்கும். மீனுக்காக நீரைப் பேணக் கற்றவன், அண்டையானின் குடத்தைக் காணாதிருந்தால் ஒன்றும் கற்கவில்லை என்றே பொருள்.

அந்த இளைஞன் இப்போது தேர்வை மீண்டும் எழுதிக் காத்திருக்கிறான். முடிவு எப்படி வருமென்று எவருக்கும் தெரியாது. அவன் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டதென்றும் சொல்லமாட்டேன். சில நாட்களில் கதவு இன்னமும் மூடிக்கிடக்கிறதாம். ஆனால் இரவு உணவின்போது தொலைக்காட்சியை அணைத்துவிடுவதாகவும், மதிப்பெண் பற்றிய பேச்சை மேசைக்குக் கொண்டுவருவதில்லை என்றும் அவன் தந்தை சென்ற வாரம் சொன்னார். 254, 209, 173 என்று இறங்கிக்கொண்டிருக்கிறது.

இவ்வாரம் உங்களுக்கு ஒரு சிறு பணி தருகிறேன். பிள்ளையைத் திருத்துவதற்கு முன்பாக, ஏழு நாட்கள் உங்கள் வீட்டின் நீரை மட்டும் அளந்துபாருங்கள். காலையில் முதலாவது பேசப்படும் வார்த்தை எது? மேசையில் அடிக்கடி சொல்லப்படும் பெயர் யாருடையது. அது எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது? எவர் பேசும்போது மற்றவர்கள் மௌனமாகிறார்கள்? எழுதி வையுங்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்கை மாற்றுங்கள். மறுநாள் மீண்டும் ஒரு பங்கு.

கசந்த நீரை மதுரமாக்கின ஆண்டவர், நம் இல்லங்களின் நீரையும் பொறுமையோடு தெளியச் செய்வாராக. சிறியவைகளைத் தாங்கும் பெலனை இரு பெற்றோருக்கும், ஒருவர் களைக்கும்போது மற்றவர் முன்வரும் கிருபையையும் அருளுவாராக. ஆமென்.